மனசுக்குப் பிடித்தவருக்கு ‘1’

போன வாரம் தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் மரவள்ளி விவசாயிகள் சங்கத் தலைவர் தேர்தல். எனக்கும் அங்கே ஒரு ஏக்கர் உண்டு. வாய் சும்மா இருக்குமா? ஒருவருக்கு மட்டும் டிக் அடிக்காமல் போட்டியிடும் மூன்று பேருக்கும் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதலாமே என்றேன். முதல் விருப்பம் தேறாவிட்டால் சீட்டு இரண்டாவது ஆளுக்குப் போய்விடும். ஓட்டு வீணாகாது.

குத்தகைக்குப் பயிர் வைக்கும் செல்விதான் முதலில் நிமிர்ந்தார்.

“அப்ப சடையண்ணனுக்கே போடலாங்களா?”

சடையன் கல்வராயன் மலைக்காரர். அதிகம் பேசமாட்டார், மில்லில் கிழங்கு எடையில் ஏமாற்றினால் மட்டும் விடமாட்டார். ஆனால் செல்வி எப்போதும் போடுவது ஆறுமுகத்துக்கு. ஏன்? மூன்றாவதாக நிற்கும் தன் நிலத்துக்காரர் மறுபடி தலைவராகிவிடக் கூடாதே, அவரைத் தோற்கடிக்க ஆறுமுகத்தால்தான் முடியும் என்ற பயம்!

“சடையண்ணன் எங்கங்க ஜெயிக்கிறது? போட்டா வேஸ்ட்டு. எம்.பி. எலெக்‌ஷன்லயும் இதே கததான்... புடிச்சவங்களுக்குப் போட்டதே இல்லீங்க.”

எல்லோரும் சம்மதித்து, எழுதிப் போட்டார்கள். சீட்டுகளைப் பிரித்தோம். பதினொன்று செல்லாதவை. மூன்று பேருக்குமே ‘1’!

ஒருவர் தலையைச் சொறிந்தார். “மூணு பேரும் எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு வந்தவங்க. யாரைங்க ரெண்டாவதுன்னு எழுதறது?”

தாம்பூலம் கொடுக்கும் வரிசை மாறினாலே பேச்சுவார்த்தை நின்றுபோகிற ஊர். எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

மீதியை எண்ணினோம். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசியில் வந்தவர் சடையன் இல்லை — ஆறுமுகம்! அவரை விலக்கிவிட்டுப் பார்த்தால், அவருடைய சீட்டுகளில் பெரும்பாலும் ‘2’ சடையனுக்கு. சடையன் தலைவர்.

செல்வி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

“இத்தினி வருசமா நான் ஒருத்திதான் அவர நெனச்சிக்கினு இருக்கேன்னு இருந்தேங்க... எல்லாருமா?”



திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட். தூரத்தில் மலை மேகத்துக்குள் கரைந்துகொண்டிருந்தது. பாதிக் கண் மூடியபடி ஒரு கனவு... நாடாளுமன்றத்துக்கும் இப்படி ஒரு சீட்டு. களமருதூர் வயலிலிருந்து மலையுச்சி வரை ஆளாளுக்கு ஒரு பென்சில். யார் ஜெயிப்பார் என்ற கணக்கு இல்லை. மனசில் இருப்பவருக்கு மெதுவாக ஒரு ‘1’. எண்ணிப் பார்த்தால், யாருமே எதிர்பார்க்காத ஒரு பெயர்... எல்லோரும் ரகசியமாக நினைத்துக்கொண்டிருந்த பெயர். எத்தனை சடையன்கள் இப்படி நம் மனசோடு நின்றுவிட்டார்களோ!

அந்தக் கனவைச் செல்வியிடம் கட்டாயம் சொல்வேன். ஆனால், செல்லாத அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது என்பதை மட்டும்... நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.