இரண்டு பேராகப் போன ஜமீன் பங்களா

கல்யாணம் ஆனதிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் தனியாக எங்கேயும் போனதில்லை. பல் பிடுங்கப் போனால்கூட அவரைப் பெற்ற உம்மா, என் மாமி, கூடவே வருவார்கள். அவர் சவூதியில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. வந்த முதல் வாரம் சொந்தக்காரர்கள் எங்களைப் பார்க்க வருவார்கள், அடுத்த வாரம் நாங்கள் அவர்களைப் பார்க்கப் போவோம், அப்புறம் இரண்டு கல்யாணம், ஒரு சுன்னத்து வீடு, அதற்குள் பெட்டி கட்டுகிற நாள் வந்துவிடும். போன தடவை அவர் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு பகல், நாங்கள் இரண்டு பேர் மட்டும், எங்கேயாவது. நான் கேட்டது அவ்வளவுதான்.

இடத்தையும் நானே கண்டுபிடித்தேன். திருப்புல்லாணி தாண்டிக் கடற்கரைப் பக்கம், அந்தக் காலத்து ஜமீன்தார் ஒருவர் கட்டின பங்களா. சுற்றியிருக்கும் காட்டை இப்போது பூங்காவாக்கி, நடப்பதற்குப் பாதை போட்டு, டிக்கெட்டும் வைத்திருக்கிறார்கள். வண்டி உள்ளே போகாது, பங்களாவுக்கு நடந்துதான் போக வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான். எங்கள் வீட்டு ஆட்கள் அடுத்த தெருவில் மௌத்து என்றால் துக்கம் கேட்கப் போகவே ஆட்டோ பிடிக்கிறவர்கள். நடக்கிற இடம் என்றால் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

"போவோம் புள்ள" என்றார் மச்சான், என் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உம்மாவிடம் சொல்லாமல் எப்படிப் போவது என்று நேரே போய்ச் சொல்லிவிட்டார்.

"நடக்குறதுக்கா டிக்கெட்டு?" என்று மாமி கேட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த மூச்சிலேயே, "புள்ள ஊருக்குப் போகப் போறான், அவனை அங்கன விட்டுட்டு நான் இங்கன இருந்து என்ன செய்ய? நானும் வாரேன்" என்றார்கள். மாமி வந்தால் மச்சானுடைய அக்கா, என் மதினி, வராமல் இருப்பார்களா? மதினி வந்தால் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் வர வேண்டும். விடிந்து பார்த்தால் வாசலில் வேன் நிற்கிறது, உள்ளே எள் போட்டால் எள் விழாது. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஏறினேன். மச்சானுக்கு முன்சீட்டு. எனக்குக் கடைசி சீட்டு, மடியில் பிரியாணி தேக்சாவின் மூடி.

ஆமாம், தேக்சா, கல்யாண வீட்டில் ஆக்குகிற அந்தப் பெரிய அண்டாவேதான். எங்கள் வீட்டில் எங்கே போனாலும் சஹனில்தான் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். "ஆளுக்கொரு பொட்டலமாக் கட்டிருவோமே மாமி, நடக்கணும்ல" என்று சொல்லிப் பார்த்தேன். "பொட்டலம் பிரிச்சுத் திங்க நாம என்ன ரயில்லயா போறோம்?" என்று கேட்டுவிட்டார்கள்.

வாசலில் இருந்த காவலாளி தேக்சாவையும் சஹன்களையும் பார்த்து, "உள்ள எதுவும் விசேஷமாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா, சும்மா நடக்கத்தான் வந்தோம்" என்றார்கள் மாமி. மதினி மாப்பிள்ளையும் வேன் டிரைவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தேக்சாவைத் தூக்க, பின்னால் மொத்தக் குடும்பமும் நடந்தது. எதிரே வந்த வெளியூர்க்காரர்கள் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள்.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று நேரே பங்களாவுக்கு. இன்னொன்று காட்டுக்குள் புகுந்து, கடலோரமாகச் சுற்றிக்கொண்டு பங்களாவின் பின்பக்கம் போய்ச் சேரும். தேக்சா நேர்ப்பாதையில் போனது. பிரியாணி போகிற வழியில்தானே குடும்பம் போகும்! நான் மச்சானின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுற்றுப்பாதையில் நுழைந்துவிட்டேன்.

யா அல்லாஹ், கிடைத்துவிட்டது! உடைமர நிழல், கடல் காற்று, நானும் அவரும். இனிப் பேச வேண்டியதுதான் பாக்கி.

பேச்சு வரவில்லை. அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். "வெயிலா இருக்குல்ல" என்றார். "ஆமா" என்றேன். ரொம்ப தூரம் போய், "அங்க மாதிரி இல்ல" என்றார். "ம்" என்றேன். கடல் வந்தது. இரண்டு பேரும் அதுவரை கடலையே பார்க்காதவர்கள் மாதிரி நின்று பார்த்தோம். எனக்கு எரிச்சலாகவும் வெட்கமாகவும் இருந்தது. இதற்காகவா இத்தனை பாடு பட்டேன்?

பங்களாவின் பின்சுவர் வந்ததும் கால் வலிக்கிறது என்று ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். "கெணறு இருக்காம், பாத்துட்டு வாரேன்" என்று அவர் சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். தப்பித்தோம் என்றுதான் போயிருப்பார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அவர்தான்.

"என்ன புள்ள, கால் ரொம்ப வலிக்குதா?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. நாங்கள் குடும்பம் நடத்தினதெல்லாம் போனில்தானே! மதினி பேச்சு, எங்கள் சின்னவனின் பள்ளிக்கூடம், கூரை ஒழுகுவது, அவர் ரூமில் புதிதாக வந்தவனின் குறட்டை, எல்லாம் வந்தது. நான் சிரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரிப்பதும் கேட்டது. பிறகு அவர் குரல் இறங்கியது.

"இந்தத் தடவ போக மனசே இல்ல புள்ள."

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், எங்களைத் தேடிக்கொண்டு மொத்தக் கூட்டமும் வந்துவிட்டது.

"யாருட்ட பேசுறே?" என்றார்கள் மதினி.

"ஒங்க தம்பிதான் மதினி" என்றேன்.

"குடு, நானும் ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்" என்று மதினி போனைப் பிடுங்கினார்கள். சவூதியிலிருந்து போன் வந்தால் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம், ஒவ்வொரு கையாகப் போய் வந்துதான் என்னிடம் திரும்பும். அன்றைக்கும் ஒருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. மதினியிடமிருந்து மாமி வாங்கினார்கள். "எங்கனப்பா இருக்கே? சாப்புட்டியா? அங்கன வெயில் எப்புடி?" என்று ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் தங்கள் முறைக்காகச் சுற்றி நின்றார்கள்.

நான் மெல்ல எழுந்து சுவரைச் சுற்றி நடந்தேன். அவர் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இன்னும் சாப்புடலம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேரே எதிரில் போய் நின்றேன்.

"போகாதீங்க மச்சான்" என்றேன். நேரில், அவர் முகத்தைப் பார்த்து.

அவர் போனைக் கட்டையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். விட்ட கையைத் திரும்பப் பிடிக்க இரண்டு வருஷம் ஆகும் என்று தெரிந்த பிடி அது.

"ஏம்ப்பா பேச மாட்டேங்கிறே? சிக்னல் இல்லையா?" என்று மாமி கேட்டது போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது.