காற்றாடி உச்சியில் ஒரு சிவப்புத் துணி

பிள்ளைகளா, கடைச்சுவரில் மாட்டியிருக்கும் காற்றாடிப் படத்தின் உச்சியில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கிறதே, அதை ஏன் அப்பா துடைக்கவில்லை என்று கேட்டீர்கள். துடைத்தேன். அதேபோல எடுத்த மூன்று படங்களில் துடைத்தேன். அது ஒரு ஆள்.

கயத்தாறு பக்கம் மின்சாரத்துக்காக முதன்முதலில் நட்ட காற்றாடிகளில் அது ஒன்று. இப்போது நிற்கிறவை மாதிரி வழுவழுப்பான வெள்ளைத் தூண் கிடையாது. மின்கோபுரம் போல இரும்புச் சட்டங்கள், நடுவே ஓர் ஏணி, உச்சியில் ஒரு பெட்டி, அதில் மூன்று இறக்கை. கழற்றப் போகிறார்கள், அதற்குமுன் நினைவுக்கு நாலு நல்ல படம் வேண்டும் என்று காற்றாடிக் கம்பெனியில் கேட்டார்கள். பேட்டையில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருக்கிற எனக்கு அது பெரிய காரியம்.

ஆனி மாதம். மேல்காற்று ஆளைத் தள்ளியது. அங்கிருந்த காவல்காரர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"கழட்டுறதுக்காகக் காலம்பற ஒரு மெக்கானிக் ஏறிப் பாத்துட்டுப் போயிட்டாரு. நீரு தாராளமா எடும் வே."

"இறக்கை சுத்தாதா? சுத்துனா படம் நல்லாருக்கும்லா?"

"அது சுத்தி ரொம்ப நாளாச்சு. வேணும்னா நீரே ஏறிச் சுத்திவிடும்."

சிரித்துக்கொண்டே உழுத கரிசலைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் போனேன். காற்றாடி முழுசாகப் படத்துக்குள் வரவேண்டும். காதில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. கேமராவைத் தூக்கித் தூக்கி எடுத்தேன். நாலாவது படம் எடுத்ததும் கண்கூசியது. வெயிலை மறைக்கக் கையை உயரத் தூக்கிக் கொஞ்சநேரம் அப்படியே நின்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகும் பல படங்கள் எடுத்தேன்.

மத்தியானத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்ததால் சாலையோர டீக்கடையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். முதல் படத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் எள்ளளவுக்குச் சிவப்பாக என்னவோ இருந்தது. துணி என்று நினைத்தேன். அந்தக் காற்றில் முள்மரம், கம்பி, கோபுரம் எதிலும் பையும் துணியும் சிக்கிக் கிடக்கும். பக்கத்து வானத்தை எடுத்து அதன்மேல் பூசினேன். கல்யாணப் படங்களில் பருவையும் மருவையும் துடைத்துத் துடைத்து, கண் பார்க்கும்முன் கை துடைத்துவிடுகிற பழக்கம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதேமாதிரி செய்தேன்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "புதுசாட்டம் ஆக்கிட்டீகளே அண்ணாச்சி!"

எனக்குப் பெருமை. நாலாவதைத் திறந்தேன். துணி பெட்டிக்கு இடதுபக்கம் இருந்தது. மூன்று படத்திலும் வலதுபக்கம், அதாவது கிழக்கே இருந்தது. காற்றோ மேற்கிலிருந்து அடிக்கிறது. சிக்கிய துணி காற்றை எதிர்த்து மேற்கே எப்படி வரும்?

பெரிதாக்கிப் பார்த்தேன். துணியின் நுனியில் ஒரு கை. கைக்குக் கீழே ஒரு தலை.

மூன்றாவது படத்தில் துடைத்ததை மீட்டேன். அங்கேயும் அந்த ஆள் இருந்தார். இரண்டாவதை மீட்டேன். எழுந்து நின்று தன் சிவப்புச் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார். முதல் படத்தைத் திறக்கவில்லை. காவல்காரருக்குப் போன் போட்டேன்.

"மேல ஆளு இருக்கு வே!"

"எந்த மேல?"

"காத்தாடி மேல!"

"அவரு அப்பமே போயிட்டாருன்னு சொன்னேம்லா."

"போனத உம்ம கண்ணால பாத்தீரா?"

போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் நடக்கிறார் என்று தெரிந்தது. பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்: "ஷெட்டுக்குப் பின்னால அவரு பைக்கு நிக்குது வே. போனும் பைக்குப் பையிலதான் கெடக்கு."

நானும் காற்றாடியடிக்கு ஓடினேன்; காவல்காரர் வரவழைத்த தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி ஏறினார்கள். நடு ஏணியில் ஒரு துண்டு துருப்பிடித்துக் கழன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது; அதனால்தான் அவரால் இறங்க முடியவில்லை. கீழே வந்த மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயது. உதடெல்லாம் வெடித்திருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு என் தோளில் கிடந்த கேமராவைப் பார்த்தார்.

"அங்கன நின்னு படம் எடுத்தது நீங்கதானா?"

"ஆமா."

"என்னையே பாத்துப் பாத்து எடுத்தீக. கையத் தூக்கிக் காட்டுனீக. சரி, பாத்துட்டாரு, ஆளக் கூட்டிட்டு வருவாருன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் சட்டைய ஆட்டல. பெல்ட்ட இறுக்கி மாட்டிக்கிட்டுப் பெட்டிக்குப் பின்னால படுத்துட்டேன்."

அதற்குப்பின் எடுத்த படங்களில் உச்சி சுத்தமாக இருந்தது. முதலில் அவற்றைத் திறந்திருந்தால் அவற்றையே அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

நான் பார்க்கவில்லை, துணி என்று மூன்று படத்தில் துடைத்துவிட்டேன் என்று அவரிடமே சொன்னேன். அவர் கேட்டார்:

"நாலாவதையும் தொடச்சிருந்தா?"



கம்பெனிக்குச் சுத்தமான படங்களை அனுப்பினேன். நாலாவது கடைச்சுவரில் இருக்கிறது. ஸ்டூலைப் போட்டு ஏறிக் கிட்டத்தில் பாருங்கள். அந்தத் தலை நம்மைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறது.