பதினோராவது பாட்டுக்கு இரண்டு மதிப்பெண்

2007 ஜூலை 14, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. காலையிலிருந்து பெய்த சாரல் ஓய்ந்து காற்று மட்டும் நின்றபாடில்லை. நாகர்கோவில் வடசேரியில் மூடிப்போன ஒரு தட்டச்சுப் பயிற்சிக் கூடத்தின் மாடியில் ஒன்பது பேர் கூடியிருந்தோம். ஜன்னலில் இரண்டு கண்ணாடிகள் இல்லை. என் கையிலிருந்த பதினொரு தாள்களும் பறந்துவிடும் என்று ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு வரச் சொல்லியும் மூன்று பேர் நேரம் கழித்தே வந்தார்கள். இரத்த அழுத்த மாத்திரையை வீட்டில் மறந்துவிட்ட கவலை வேறு.

நாங்கள் ஒன்பது பேரும் ஒரு ராக் இசைக்குழுவின் ரசிகர்கள். ஒரு காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தோம். எழுபதுகளில் நாகர்கோவிலில் கல்லூரி விழாக்களில் ஆங்கிலப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நான்கு பையன்கள் பிறகு தமிழில் சொந்தமாகப் பாட ஆரம்பித்தார்கள். இந்த மாவட்டத்தில் தமிழில் ராக் பாடிய முதல் குழு அது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். சரிபார்த்தவர் யாரும் இல்லை. மூன்று கேசட் வெளியிட்டார்கள். அதன் பின் ஒருவர் மஸ்கட் போனார், ஒருவர் மின்வாரியத்தில் சேர்ந்தார், குழு கல்யாண வரவேற்புகளோடு நின்றுபோனது. பத்தொன்பது வருடம் கழித்து இப்போது நான்காவது வெளியீடு, சிடியாக.

இந்த சிடி சாத்தியமானதே டிரம்ஸ் வாசிப்பவர் திரும்பி வந்ததால்தான். அவர் குளச்சலுக்கு அருகே ஒரு கடற்கரை ஊர்க்காரர், கத்தோலிக்கர், சொந்தமாக ஐஸ் வியாபாரம். 2004 டிசம்பர் அலையில் அவருடைய இரண்டாவது மகன் போய்விட்டான். இருபத்திரண்டு வயது. உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேல் அவர் டிரம்ஸ் பக்கமே போகவில்லை. மற்ற மூவரும் வேறு ஆளைத் தேடாமல் காத்திருந்தார்கள்.

சிடியில் பத்துப் பாட்டு என்று முடிவாகியிருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தோடு பேசிய தொகை அவ்வளவுக்குத்தான். கையில் இருந்ததோ பதினொன்று. எதை விடுவது என்று அவர்களுக்குள் தீராததால் எங்களிடம் விட்டார்கள். எங்கள் மதிப்பெண்ணில் கடைசியாக வருவது வெளியே.

எங்கள் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கூட்டுறவுத் தணிக்கையில் இருந்தவன். அதோடு எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் பதினேழு வருடம் பாட்டுக் குழுவின் செயலாளர். சபையில் புதுப் பாட்டு ஏதாவது வந்தால் அதை யாரும் பாடிக் காட்டக் கூடாது. ஒருவர் எழுந்து நின்று, ராகமில்லாமல், குரலை ஏற்றி இறக்காமல் வாசிக்க வேண்டும். மெட்டு இருந்தால் ஓட்டை வார்த்தையும் நல்ல வார்த்தை மாதிரி கேட்கும் என்பது பெரியவர்கள் சொன்ன காரணம். எழுதியவர் பெயரும் தாளில் இருக்காது. ரசிகர்களில் பாதிக்கு மேல் எங்கள் சபைக்காரர்கள் என்பதால் முதல் கேசட்டிலிருந்தே இந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது. திரும்பத் திரும்ப வரும் அடியை முழுக்க வாசிப்பதும் கிடையாது. "மறுபடியும்" என்றோ இத்தனை முறை என்றோ சொன்னால் போதும். வாசிப்பவன் எப்போதும் நான்தான்.

பத்துத் தாள் வாசித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கூட்டத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். அவர் ஒவ்வொரு உவமைக்கும் நெற்றியைச் சுருக்குவார். தக்கலையில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர். அவருக்குக் காதல் பாட்டு எது வந்தாலும் பத்துக்கு எட்டு. ஆறாவது தாள் வாசித்தபோது, "அறுவது வயசுல இவனுவளுக்கு நெலாவும் மல்லிகையும் கேக்குதோ" என்றார் தமிழாசிரியர். "உமக்கு கேக்கலேன்னா காதுல உள்ள பஞ்ச எடும் வேய்" என்றார் பட்டறைக்காரர். எல்லாரும் சிரித்தோம்.

பதினோராவது தாளை எடுத்தேன். தலைப்பு 'வாலே'. கடற்கரை ஊர்களில் மகனையோ தம்பியையோ வாடா என்று கூப்பிடும் சொல். முதலில் கண்ணால் ஓட்டிப் பார்த்தேன். மொத்தம் நாற்பத்தொரு சொற்கள். அதில் இருபத்தொன்பது 'வாலே'. மிச்சம் பன்னிரண்டு சொற்களை, அடிக்கு இரண்டாக, ஒரே குரலில் வாசித்தேன்:

வெயிலு ஏறியாச்சு
சோறு ஆறியாச்சு
வலை காஞ்சாச்சு
அம்மை கேக்கா
வள்ளம் வந்தாச்சு
வெளக்கு வச்சாச்சு

"நடுவில் எல்லாம் 'வாலே'. இருபத்தொன்பது முறை" என்று சொல்லித் தாளைக் கீழே வைத்தேன்.

பட்டறைக்காரர், "அவ்வளவுதானா?" என்றார். தமிழாசிரியர், இது பாட்டல்ல, பாட்டுக்கு எடுத்த குறிப்பு என்றார். இன்னொருவர், கிட்டார்க்காரருக்கு எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டார். குழுவின் எல்லாப் பாட்டையும் கிட்டார்க்காரர்தான் எழுதுவார். இதுவும் அவருடையதுதான் என்று ஒன்பது பேரும் நினைத்தோம். நான் இரண்டு போட்டேன். கூட்டிப் பார்த்ததில் தொண்ணூறுக்குப் பத்தொன்பது வந்தது. அதற்கு அடுத்த குறைவான பாட்டு நாற்பத்தொன்று. சந்தேகத்துக்கே இடமில்லை.

அன்று மாலையே முடிவைக் கிட்டார்க்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் என்னோடு பள்ளியில் படித்தவர். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர் குடிக்காமலே கீழே வைத்தார்.

"அது நான் எழுதினதில்ல" என்றார். "அவன் எழுதினது. டிரம்ஸ்காரன். அவனே பாடுகேன்னு சொன்னான். இத்தனை வருசத்துல ஒரு வரி எழுதினவன் இல்ல, வாயத் தொறந்து பாடினவனும் இல்ல."

யார் எழுதியது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். பெயர் சொல்லக் கூடாது என்பது உங்கள் வழக்கம்தானே, அதை நானா உடைப்பது என்றார். டிரம்ஸ்காரரும் எல்லாப் பாட்டையும் போல இதுவும் வாசிக்கப்படட்டும் என்றாராம். முடிவை அவருக்கு போனில் சொல்லிவிடுகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். நான் வாசித்தது, நானே போய்ச் சொல்வதுதான் முறை.

மறுநாள் ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து குளச்சல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன்; ஆரம்பித்த ஒவ்வொரு வாக்கியமும் விளக்கம் சொல்வது போலவே வந்தது. குளச்சலில் இறங்கி மினி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் ஐஸ் கொட்டகையில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. மரத்தூள் மூடிய ஐஸ் கட்டிகளுக்கு நடுவே எனக்கு ஒரு நாற்காலி போட்டார். நான் சொன்னேன். எப்படி வாசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர், "வாலேயை வாசிக்கலியா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் திரும்ப வரும் அடியை வாசிப்பதில்லை, இத்தனை முறை என்று சொல்லிவிடுவோம் என்றேன்.

"இருவத்தொம்பது" என்றார். "எண்ணினீரோ, சாரே. சரிதான். அன்னைக்கு இந்தக் கரையில நான் எத்தன தடவ கூப்புட்டேன்னு எனக்குத் தெரியாது. மத்தியானம் வரைக்கும் கூப்புட்டேன். மெட்டுக்குள்ள இவ்வளவுதான் அடங்கிச்சு."

அவர் எழுந்து ஒரு சாக்கை இழுத்து ஐஸ்மேல் போட்டார். அந்தப் பாட்டில் மற்ற பன்னிரண்டு வார்த்தையும் சும்மா, மூச்சு எடுக்கிறதுக்கு என்று சொன்னார்.

மறுபடியும் ஒன்பது பேரையும் கூட்டுகிறேன், நீங்கள் வந்து பாடிக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் மறுத்துவிட்டார். கோபமாக அல்ல.

"மார்க்குக்கு அத பாட மாட்டேன் சாரே. பத்துக்குப் பத்து போட்டாலும் எனக்குக் கொள்ளாது, வேண்டாம். வெளிய போனதுன்னா போட்டும். மத்த பத்துக்கும் நான் அடிச்சுத் தாறேன்."

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. அன்றைய இரவும் மறுநாளும் எனக்கு ஒரே எண்ணம்தான். முறைப்படி மதிப்பெண் போட்டாயிற்று, அதை மாற்றினால் நாற்பத்தொன்று வாங்கிய பாட்டு வெளியே போக வேண்டும். அது மஸ்கட்காரர் மெட்டுப் போட்டது. அவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றை எடுத்து ஒன்றை வைப்பது சரியில்லை. பதினொன்றும் இருக்க வேண்டும் என்றால் ஒலிப்பதிவுக் கூடத்தில் இன்னொரு நாள் வேண்டும். அந்த நாளை நான் வாங்கிக்கொள்வதாகக் கிட்டார்க்காரரிடம் சொன்னேன். பாதி தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். டிரம்ஸ்காரரிடம் யார் பணம் என்று சொல்லக் கூடாது, கூடத்தில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள் அவர் பாடினார். டிரம்ஸ் தனியாக, குரல் தனியாகத்தான் எடுப்பார்கள். அவர் இரண்டையும் சேர்த்தே செய்வேன் என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பதிவு செய்கிறவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் டிரம்ஸ் இல்லை. கிட்டார் ஒரே ஒரு கம்பியில் நின்றது. குரல் நல்ல குரல் என்று சொல்ல முடியாது. முதல் 'வாலே' வீட்டு வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுகிற அளவில் இருந்தது. அடுத்தது இன்னும் கொஞ்சம் எட்டி. ஒவ்வொன்றுக்கும் தூரம் கூடியது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஆனாலும் எண்ணினேன். பதினாறாவதில் டிரம்ஸ் சேர்ந்தது. அதற்குப் பிறகு குரல் டிரம்ஸுக்குள் மூழ்கி மூழ்கி வந்தது. விளக்கு வைத்தாயிற்று என்ற அடி வந்தபின் டிரம்ஸ் நின்றுவிட்டது. கடைசி நான்கும் வெறும் குரல். யாரையும் கூப்பிடுகிற குரல் அல்ல அது. பேர் சொல்லிப் பார்ப்பது போல இருந்தது.

இன்னொரு தடவை எடுக்கலாமா, இரண்டு இடத்தில் மூச்சு கேட்கிறது என்று பதிவு செய்கிறவர் மைக்கில் கேட்டார். டிரம்ஸ்காரர் குச்சிகளை டிரம்ஸ்மேல் வைத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தார். இன்னொரு தடவை இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் சிடி வந்தது. அதே மாடியில் ஒன்பது பேரும் கேட்டோம். இந்த முறை யாருக்கும் தாள் கொடுக்கவில்லை. பதினோராவது பாட்டு முடிந்ததும் பட்டறைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீரு இத வாசிக்கவே இல்லியே வேய்" என்றார். வாசிக்கவில்லைதான் என்றேன். தமிழாசிரியர் மட்டும் தன் கருத்தை மாற்றவில்லை. இது அழுகை, அழுகைக்கு யாரும் மதிப்பெண் போட முடியாது, ஆனால் பாட்டெழுத்து என்று இதை ஒப்ப மாட்டேன் என்றார். அவரோடு நான் வாதாடவில்லை. தாளில் அந்த நாற்பத்தொரு சொற்களை இன்று கொடுத்தாலும் நானும் இரண்டுதான் போடுவேன். அதைத் தாளில் கேட்டதுதான் எங்கள் பிழை. மெட்டு வார்த்தையை மறைத்துவிடும் என்று பயந்தே பழகியவர்கள் நாங்கள். மெட்டைத் தவிர வேறு எங்கும் இருக்க முடியாத வார்த்தை ஒன்று வரும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

டிரம்ஸ்காரரின் வீட்டில் சிடி ஓடும்போது பதினோராவது வந்தால் அவர் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்விடுவார் என்று கிட்டார்க்காரர் சொன்னார். குடம் நிறைந்திருந்தாலும் போவாராம். ஆனால் நிறுத்தச் சொன்னதில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு நாள், ஒலிகளை மறுபடி கலந்தது, பத்துப் பாட்டு என்று ஏற்கெனவே அடித்துவிட்ட ஐந்நூறு அட்டைகளை மாற்றியது, டிரம்ஸ் ஏற்றிப் போன வேன், அன்றைய சாப்பாடு எல்லாமாக எனக்கு ஆனது பதினோராயிரத்து அறுபத்து நான்கு ரூபாய்.