இரட்டை என்றால் நகராது

அண்ணியைப் பற்றி நாத்தனார் எழுதினால் யாரும் முழுசாக நம்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அம்மா என்னிடம் அழுதுகொண்டே சொன்னது. அம்மா அழும்போது பொய் சொல்ல மாட்டாள், கொஞ்சம் கூட்டிச் சொல்வாள், அவ்வளவுதான்.

அண்ணி தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு விசையியல் எடுக்கிறாள். ஒரு பொருளை எங்கே தள்ளினால் நகரும், எங்கே தள்ளினால் திரும்பும் என்று கணக்குப் போடும் பாடம் அது. திருப்பும் சக்திக்குத் திருப்புத்திறன் என்று பெயர். "விசையைத் தூரத்தால பெருக்கணும், அவ்வளவுதான்" என்பாள். அந்த அவ்வளவுதானில் வருஷத்துக்கு நாற்பது பேர் தோற்கிறார்கள். இடஞ்சுழிக்குக் கூட்டல் குறி, வலஞ்சுழிக்குக் கழித்தல் குறி. குறி மாறினால் விடைத்தாளை முகத்தில் அடித்த மாதிரித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதனால் கல்லூரியில் அவளுக்குத் திருப்பு டீச்சர் என்று பெயர்.

அவள் அப்பா லாரி பட்டறை வைத்திருந்தவர். எட்டு வயதில், அவர் ஸ்பேனரின் நுனியில் நீளமான குழாயைச் செருகி இறுகிப்போன நட்டை ஒரே அழுத்தில் கழற்றியதைப் பார்த்திருக்கிறாள். மற்றக் குழந்தைகள் பொம்மைக்கு அழுத வயதில் இவள் அந்தக் குழாய்க்கு அழுதாளாம். அண்ணனை முதன்முதலில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் சந்தித்தபோது அவன் ஊறுகாய் பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வாங்கித் திறந்து கொடுப்பதுதானே மரியாதை? இவள் பக்கத்தில் நின்று, "மூடியை மட்டும் திருகாதீங்க. பாட்டிலை எதிர்ப்பக்கமாத் திருப்புங்க" என்றாள். அன்றிலிருந்து அண்ணன் அவள் சொன்ன பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறான்.

அம்மாதான் திரும்பவில்லை. சமையலறை அலமாரிப் பலகையில் அம்மா கனமான டப்பாக்களை எல்லாம் முன் விளிம்பில் வைப்பாள், எடுக்க வசதி என்று. சுவரிலிருந்து தள்ளி வைத்தால் ஆணிக்கு இழுப்பு அதிகம் என்று அண்ணி இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை சொல்லவில்லை. அம்மா குளிக்கப் போன நேரத்தில் எல்லா டப்பாக்களையும் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டாள். குளித்துவிட்டு வந்த அம்மாவுக்குச் சர்க்கரை எட்டவில்லை. ஏச்சு ஆரம்பித்தது. ஆணி வெளியே வந்திருந்த அளவை அண்ணி ஸ்கேல் வைத்து அளந்து காட்டினாள். அது எரிகிற தீயில் எண்ணெய்.

பதினொரு நாள் இருவரும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அம்மா எனக்குப் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வந்துடறேன். பெட்டி கட்டியாச்சு." என் வீட்டில் இரண்டு அறை, மூன்று பிள்ளைகள், ஒரு புருஷன். அம்மா மேல் எனக்கு உயிர். ஆனால் உயிரை எங்கே படுக்க வைப்பது?

வெள்ளிக்கிழமை காலை அம்மா தன் கண்ணாடியைத் தேடப் போய், அண்ணியின் மேசையில் ஒரு தாளைப் பார்த்தாள். அண்ணியின் முத்து முத்தான கையெழுத்து.

"இரட்டைதான், சந்தேகமில்லை. இரண்டும் சம அளவு. ஒன்று மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கி. கை நீளம் நாற்பது. ஒற்றை என்றால் நகரும். இரட்டை என்றால் நகராது, சுற்றும்."

அதைப் படிக்க அம்மாவுக்குக் கண்ணாடியே தேவைப்படவில்லை. லாரி ஸ்டியரிங்கின் ஒரு பக்கத்தை ஒரு கையால் மேலேயும், மறு பக்கத்தை மற்றக் கையால் கீழேயும் தள்ளித் திருப்புகிற கணக்கு அது. அளவில் சமமாக, எதிரெதிர் திசையில் இயங்கும் அந்த இரண்டு விசைகளுக்குப் பாடத்தில் இரட்டை என்று பெயர். அம்மாவுக்குத் தெரிந்த இரட்டை ஒன்றுதான். அண்ணனுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், இன்னும் குழந்தை இல்லை.

பத்து மணிக்குள் பெட்டியைப் பிரித்துவிட்டாள். பதினொரு மணிக்குள் தெருவில் ஏழு வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. எனக்குப் போன் வந்தபோது அம்மாவின் குரலே மாறியிருந்தது. "ஒண்ணு தலை மேல, ஒண்ணு தலை கீழடி. கை நீளங்கூட அளந்திருக்காங்க!"

நான் உடனே அண்ணியைக் கல்லூரியில் பிடித்தேன்.

"அண்ணி, ரெட்டையாமே! வாழ்த்துக்கள்!"

"ஆமா, நேத்துதான் முடிச்சேன். உங்களுக்கு யார் சொன்னா?"

"அம்மாதான். எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ரெட்டைன்னு எப்படித் தெரிஞ்சது?"

"கணக்குப் போட்டேன். இதுல என்ன இருக்கு?"

"எப்ப வெளிய வருது?"

"திங்கட்கிழமை. அறுபது வேணும்னு சொல்லியிருக்கேன், நகல் எடுக்கற கடையில."

முதலில் சிரித்தது நான்தான். அண்ணி சிரிக்கவில்லை. "அத்தை என்ன நினைச்சிருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் கல்லூரி வாசலிலேயே அவளை மடக்கினேன். என் சுயநலத்தை ஒளிக்க மாட்டேன். "ஒரு வாரம் கழிச்சுச் சொல்லுங்களேன் அண்ணி. இப்பச் சொன்னா அம்மா மறுபடி பெட்டியைக் கட்டிடுவாங்க."

"ஒரு வாரத்துல அவங்க ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்சுடுவாங்க" என்றாள். "பின்னின ஸ்வெட்டரை யார் பிரிக்கறது?"

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பால் டம்ளரோடு எதிரே வந்தாள். பதினொரு நாள் ராங்கி எல்லாம் போன இடம் தெரியவில்லை. டப்பாக்கள் எல்லாம் சுவரோரமாகவே இருந்தன, முக்காலி போட்டு ஏறிச் சர்க்கரை எடுத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் அண்ணியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாலை வாங்கவில்லை. மரக்கரண்டி ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் படுக்க வைத்தாள்.

"அத்தை, இதை நடுவுல ஒரு விரலால தள்ளுங்க."

அம்மா தள்ளினாள். கரண்டி நகர்ந்தது.

"இப்ப ரெண்டு நுனியிலயும் ஒவ்வொரு விரல் வைங்க. ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு இந்தப் பக்கம். ஒரே அளவு தள்ளணும்."

கரண்டி இருந்த இடத்திலேயே சுற்றியது.

"இதுக்குப் பேருதான் இரட்டை. அந்தத் தாள்ல எழுதியிருந்தது இதுதான் அத்தை. வேற ஒண்ணுமில்ல."

அம்மா கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு முறை, தானாகவே, இரண்டு விரலையும் வைத்துச் சுற்றிப் பார்த்தாள். "அப்ப அந்தக் கை?"

"ரெண்டு விசைக்கும் நடுவுல இருக்கற தூரம். அதைக் கைன்னு சொல்லுவோம்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, சிரித்தால் அடி விழும் என்றும் தெரிந்தது. அம்மா பாலை எடுத்துத் தானே ஒரே மடக்கில் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள், கண்ணையும் துடைத்தாள். பெட்டி இருந்த அறைப் பக்கம் திரும்பினாள். போச்சு, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஏழு வீட்டுல சொல்லித் தொலைச்சுட்டேன்" என்றாள் அம்மா. "என் வாயால மாத்திச் சொல்ல முடியாது. கரண்டியை எடுத்துக்கிட்டு வா. நீயே வந்து பாடம் நடத்து."

அப்படித்தான் என் அண்ணி ஒரே சாயங்காலத்தில் ஏழு வீட்டில் விசையியல் வகுப்பு எடுத்தாள். தையற்காரர் வீட்டில் துணி வெட்டும் மேசை மேல், ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டில் தரை மேல். தபால்காரர், சுற்றுகிற கரண்டியை ஒற்றை விரலால் நிறுத்த முடியுமா என்று கேட்டார். சுற்றுவதை நிறுத்தி அதே இடத்தில் வைக்க வேண்டுமானால் இன்னொரு இரட்டைதான் வேண்டும் என்று அண்ணி சொன்னாள். இந்த மாதிரிக் கேள்வி வகுப்பில் ஒருத்தரும் கேட்டதில்லை என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாலாவது வீட்டிலிருந்து அம்மாவே முன்னுரை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "தப்பு என் மேலதான். இவளோட பாஷையில இரட்டைன்னா வேற. பாருங்க, நல்லா இருக்கும்."

ஏழாவது, மாடி வீட்டுக்காரி. கரண்டி சுற்றி முடிக்கும் வரை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"கரண்டி சுத்தறது இருக்கட்டும். எட்டு வருஷமாச்சு. நிஜமாவே ஏதாவது உண்டா, இல்லையா?"

அண்ணியின் விரல் கரண்டி மேலேயே நின்றுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். நானே ஒரு நாள் கேட்டதில்ல. நீ யாரும்மா கேக்கறதுக்கு?"

மாடி வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். படி இறங்கும்போது அண்ணி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லாம விட்டிருந்தா அந்தத் தாளை வச்சு இன்னும் எத்தனை கனவு கண்டிருப்பேனோ, நல்லவேளை இன்னைக்கே சொன்னே" என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கினார்கள். கரண்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். என்னை இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.