முதுகு காட்டி நிற்பவர்

“சார், போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துருங்க.” வகுப்பாசிரியரை வெளியே அனுப்பிய பிறகுதான் அருணா காகிதங்களைக் கொடுப்பார். கொடுத்ததும் பிள்ளைகளுக்கு முதுகு காட்டி, ஜன்னலோரம் நின்று நெடுஞ்சாலையில் போகும் கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது பார்த்தால் உண்மை எழுதக் கை வராது என்பது அவர் கணக்கு.

சூளகிரிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அவர் மனநல ஆலோசகர். வயது நாற்பது இருக்கும். ஸ்கூட்டரில்தான் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலை வாரமாட்டார். கலைந்த தலையைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடுமாம். மனச்சோர்வு, பதற்றம் என்ற சொற்களை வகுப்பில் எடுப்பதே இல்லை. “சோறு எறங்குதா, தூக்கம் வருதா, சும்மாவே பயமா இருக்குதா, எத்தன நாளா? அத்தப் பாத்து டிக் போடுங்க கண்ணுங்களா. மார்க்கு கெடையாது.” இதையே தெலுங்கில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை. அவர் கன்னடத்துக்கு வகுப்பே சிரிக்கும். அதனால் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் தாள்களை வாங்கிப் புரட்டினார். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் டிக். தூக்கமின்மை, தினமும். பயம், தினமும். ‘இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா?’ பல நாட்கள்.

ரூபா என்ற மாணவியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

“மார்க்கு இல்லன்னா எதுக்கு மேடம் பேப்பரு தர்றீங்க? அதான் சுவாதியப் பாத்து எல்லாரும் போட்டுட்டோம். அவதான் ஃபர்ஸ்ட் ரேங்க். தப்பாவே போடமாட்டா.”

தலைமையாசிரியர் கோவிந்தப்பனுக்குச் சிரிப்பு வந்தது. “கிளாஸே காப்பியா! இதுங்க இதையும் விடலியா? கிழிச்சுப் போடுங்க மேடம், அடுத்த மாசம் வெச்சுக்கலாம்.”

“ஒண்ணு காப்பி இல்ல சார். அந்தப் பொண்ணோட தனியாப் பேசணும், லேப் சாவி குடுங்க.”

சுவாதி பேனாவோடு வந்தாள். “எதுனா தப்பாப் போட்டுட்டனா மேடம்?”

“இல்ல கண்ணு. நீ போட்டதத்தான் எல்லாரும் போட்டிருக்காங்க.”

“அய்யோ! அவங்கல்லாம் நல்லாத்தான் மேடம் இருக்காங்க.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

வெளியே பிரேயர் மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

“நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க மேடம். சொல்றேன்.”

அருணா ஸ்டூலோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வலது கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்தார்.