செருப்பைப் புரட்டும் அம்மா

மார்ச் 12, செவ்வாய். வழக்கம்போல் ஆறு மணிக்கு நடை, எட்டுக்கு அலுவலகம். மாலையில் கழுத்துவலிக்காகத் திருவொற்றியூர் பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். கண்ணாடி போட்ட, குள்ளமான பெண்மணி; யார் வந்தாலும் முதலில் வாசலில் கழற்றிய செருப்பைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார்.

எனக்கு முன்னால் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்த எண்ணூர் மீனவர் ஒருவர் இருந்தார்.

"ஆபரேஷன்னா படகுல என் எடம் பூடும்மா," என்றார்.

"அதெல்லாம் வேணாம் நைனா. உன் செருப்புல வலது குதிகால்தான் தேஞ்சிகீது. தெனம் பயிற்சி செய். வலையை எதிர்ப்பக்கம் நின்னு இழு."

"அது என் தோஸ்து எடம். வுடமாட்டான்."

"அவனையும் இட்டுகினு வா. அவனுக்கு இடது தேஞ்சிருக்கும்."

மீனவர் சிரித்துவிட்டார். "ஆமாம்மா, அவனும் நொண்டிகினுதான் கீறான்!"

பார்த்திராத ஆளின் வலியை எப்படிச் சொன்னார் என்று வீடு வரும்வரை யோசித்தேன். மறுநாள் காலை முதல் வேலையாக வீட்டில் எல்லோருடைய செருப்பையும் புரட்டிப் பார்த்தேன்.