மைத்துனர் முதுகில் என் மனைவியின் பிளாஸ்திரி

ஆவணி 10, ஞாயிறு. காலை பத்து மணிக்கு என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினொரு மணிக்கு அவளுடைய புடவைகளை உறவினர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒரு மணிக்குப் பந்தி தொடங்கியது, மைத்துனர் வரவில்லை.

பந்தியைத் தவறவிடும் மனிதர் அல்லர் அவர். முதுகுவலி என்று அறையில் படுத்திருந்தவரை எழுப்பச் சென்றேன். குப்புறப் படுத்திருந்த அவர் முதுகில் வெந்நீர்ப் பை இருந்தது. அதன் அடியில், புற்றுநோய் வலிக்காக என் மனைவிக்குத் தந்த ஃபென்டனில் பிளாஸ்திரி; தோல் வழியே இறங்கும், அளவு மீறினால் மூச்சை அடக்கும்.

"நல்ல பொருளு வீணாப் போவுதேன்னு நாந்தான் ஒட்டிவுட்டேனுங்கண்ணா. சூடு வெச்சா சீக்கிரம் எறங்கும்ல?" என்றார் அவர் மனைவி.

இறங்கியிருந்தது. நிமிடத்துக்கு ஆறு முறைதான் மூச்சு விட்டார். பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்து, அவரை உலுக்கி உலுக்கி மூச்சுவிடச் சொன்னபடியே ஆம்புலன்ஸில் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் அதை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டதும் கண் திறந்தார். வலியும் திரும்பியது.

"எவன்டா பிச்சது?"

"நான்தான்."

"ஏன் மாமா? அக்கா வூட்டுலருந்து எனக்குக் கெடச்சதே அது ஒண்ணுதான், அதையும் புடுங்கிட்டீங்களே!"

நான் முப்பது ஆண்டுகள் மருத்துவம் கற்பித்தவன். நோயாளி இறந்தபின் மீதி மருந்தை என்ன செய்வது என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

இன்னும் செய்யாதவை:

மீதிப் பிளாஸ்திரிகளை ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பது.

பழைய மாணவர்களுக்கு எழுதுவது: மருந்து தரும் அன்றே, அடுத்தவருக்குக் கொடுக்கவும் சூடு வைக்கவும் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லுங்கள், நோயாளி இறந்தால் மீதியைக் கேட்டு வாங்குங்கள்.

மைத்துனரின் முதுகுக்கு முறையான வைத்தியம். அந்தப் பிளாஸ்திரியைத் தவிர வேறெதற்கும் அவர் சம்மதிக்கவில்லை.